வீட்டுத் தொழிலுக்குக் கணினி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலிருந்தபடியே நான்கைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர்கள், அழைப்பிதழ் வடிவமைப்பவர்கள், மசாலாப் பொடி அரைத்து விற்பவர்கள், ஆரி வேலைக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பவர்கள் எனத் தமிழ்நாட்டில் சிறுதொழில் நடத்தும் பலருக்கும் ஒரு கட்டத்தில் கைபேசி போதாமல் போய்க் கணினி வாங்க வேண்டிய நிலை வருகிறது. அப்போது அவர்கள் செலவிடும் தொகை பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கிறது; அந்தத் தொகை எந்தப் பாகத்துக்குப் போகிறது என்பதில்தான் பிழை நேர்கிறது. கணினியின் மூளையான பிராசஸரில் பெயர் பெற்றதற்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, வேகத்தைத் தீர்மானிக்கும் எஸ்எஸ்டியிலும் (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்), மின்சாரம் போனாலும் சற்று நேரம் கணினியை இயக்கிக் கணக்கைக் காப்பாற்றும் யுபிஎஸ்ஸிலும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

எந்த மென்பொருளில் வேலை செய்யப் போகிறோம் என்று எழுதிக்கொள்ளாமல் கடைக்குப் போவது முதல் தவறு. கணக்கு எழுதும் மென்பொருளான டாலிபிரைம் விண்டோஸில்தான் இயங்கும், அதுவும் 64 பிட் விண்டோஸில் மட்டுமே. விலை குறைவு என்று விண்டோஸ் இல்லாத குரோம்புக் வாங்கினாலும், அழகாக இருக்கிறது என்று மேக்புக் வாங்கினாலும், டாலி வேலைக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும். நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுப்பவர்களுக்கு வாடிக்கையாளரின் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருக ஒரு யுஎஸ்பி துளை வேண்டும்; பிரிண்டருக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, பென் டிரைவுக்கு ஒன்று. இரண்டே துளைகளுள்ள மெல்லிய லேப்டாப்பை வாங்கியவர் மறுநாளே யுஎஸ்பி ஹப் தேடி அலைகிறார். பில் போட டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஏற்கெனவே இருக்குமானால், அது யுஎஸ்பி வகையா, பழைய பேரலல் போர்ட் வகையா என்பதையும் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

அடுத்தது, மிக அதிகமானோர் ஏமாறும் இடம். “ஐ7 சிஸ்டம், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், மானிட்டரோடு சேர்த்து” என்று குறைந்த விலைக்கு ஒரு சீட்டை எழுதிக் கொடுப்பார்கள். அந்த ஐ7 எந்தத் தலைமுறை என்று சீட்டில் இருக்காது. இன்டெல்லின் ஐ7-3770 வெளிவந்தது 2012இல். ஐ3-12100 வெளிவந்தது 2022இல். இரண்டிலும் கணக்கிடும் அலகுகளான கோர்கள் நான்குதாம். ஆனாலும் பெயரில் சிறியதான ஐ3தான் வேகத்தில் தெளிவாக முந்துகிறது, மின்சாரத்தையும் குறைவாக இழுக்கிறது. இத்தகைய டெஸ்க்டாப் பிராசஸர்களில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை நீக்கினால் மிஞ்சுவது தலைமுறை: 3770 என்றால் மூன்றாவது, 12100 என்றால் பன்னிரண்டாவது. ஆகவே “ஐ7ஆ?” என்று கேட்பதைவிட, “முழு மாடல் எண்ணை பில்லில் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்பதே பயன் தரும்.

இந்த எண்ணுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கட்டாயம். இன்டெல்லில் பொதுவாக எட்டாவது தலைமுறையிலிருந்துதான் முறையான ஏற்பு கிடைக்கிறது. பழைய கணினியிலும் குறுக்குவழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தரும் கடைகள் உண்டு. வங்கிக் கணக்கும் வாடிக்கையாளரின் வரி விவரமும் புழங்கும் கணினியில் அப்படிச் செய்துகொள்வது, நாளை ஒரு அப்டேட் வராமல் நின்றுபோனால் யாரிடமும் கேட்க முடியாத நிலையை நாமே வரவழைத்துக்கொள்வதாகும்.

இதற்காகப் பழைய கணினியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெரிய அலுவலகங்கள் குத்தகைக் காலம் முடிந்து கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவோ திங்க்சென்டர், எச்பி எலைட்டெஸ்க் போன்றவை உறுதியானவை. எட்டாவது தலைமுறைக்கு மேற்பட்ட ஒன்று, புதிய எஸ்எஸ்டியோடும் எழுத்து வடிவிலான வாரண்டியோடும் கிடைத்தால், புதிதாக வாங்கும் மலிவான லேப்டாப்பைவிட அதையே தேர்ந்தெடுப்பேன். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இவற்றின் சிறிய கேபினெட்டுகளில் பலவற்றுக்கும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய அளவில்தான் பவர் சப்ளை பொருந்தும். மின்னணுக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். சிறிய ஊர்களில் அது பழுதானால் வேலை நாள்கணக்கில் நின்றுவிடும். அசெம்பிள் செய்து வாங்குவோருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஐ3-12100எஃப் என்பதுபோல் எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு போடாவிட்டால் மானிட்டரில் படமே வராது.

ஹார்டு டிஸ்க் விஷயத்தில் எண்ணின் பெருமை கண்ணை மறைக்கிறது. ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கும் 512 ஜிபி எஸ்எஸ்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இரண்டு மடங்கு கிடைக்கிறதே என்று முதலாவதை எடுக்கத் தோன்றும். நொடிக்கு ஏறக்குறைய 150 எம்பி படிக்கும் ஹார்டு டிஸ்க்கைவிட, சாதாரண சாட்டா வகை எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல் படிக்கும். அதைவிடப் பெரிய வேறுபாடு, விண்டோஸ் திறக்கும்போதும் டாலி கம்பெனியை ஏற்றும்போதும் டிஸ்க்கின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை எடுப்பதில் தெரியும். சுழலும் தட்டின் மேல் ஊசி நகர்ந்து நகர்ந்து தேட வேண்டிய ஹார்டு டிஸ்க் அங்கேதான் திணறுகிறது. பத்தாயிரக்கணக்கில் புகைப்படங்கள் சேர்ப்பவரைத் தவிர மற்றவர்களுக்கு 512 ஜிபி தாராளம்.

திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகமான ரேம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது; வடிவமைப்பு மென்பொருள்களான கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் ஒருசேரத் திறப்பவருக்கு 16 ஜிபி தேவை. 8 ஜிபியோடு தொடங்குபவர்கள் பின்னால் சேர்க்க இடமிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும்; அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பது கீழே வரும். அதே பக்கத்தில் டிஸ்க் என்பதன் அருகே எஸ்எஸ்டியா ஹார்டு டிஸ்க்கா என்பதும், சிபியு என்பதன் மேலே பிராசஸரின் முழுப் பெயரும் தெரியும். கடைக்காரர் சொன்னது அத்தனையையும் இரண்டு நிமிடத்தில் சரிபார்க்க இது ஒன்றே போதும். மெல்லிய லேப்டாப்புகள் சிலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைப் பிறகு கூட்டவே முடியாது.

யுபிஎஸ்ஸைத் தள்ளிப்போடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறு, ஏனென்றால் அதில் இழப்பது பணத்தை மட்டுமல்ல, பிறர் நம்பிக் கொடுத்த கணக்கையும்தான். டாலியில் பதிவு நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டேட்டா சிதைய வாய்ப்புண்டு. கணக்கர்கள் ரிப்பேர் கொடுத்துப் பார்ப்பதும், பழைய பேக்கப்பிலிருந்து ஒரு வாரப் பதிவுகளை மறுபடி அடிப்பதும் இதனால்தான். 600 விஏ யுபிஎஸ் ஒன்று சாதாரண டெஸ்க்டாப்பையும் மானிட்டரையும் சில நிமிடங்களாவது தாங்கும். சேமித்து மூட அது போதும். அதன் பேட்டரியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருகக் கூடாது. சூடேறும் தருணத்தில் அது இழுக்கும் மின்சாரத்தை அந்தச் சிறு யுபிஎஸ் தாங்காது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள், அதில் யுபிஎஸ் மோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாறும் நேரம் நீண்டால் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்றால் அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் சரியில்லை என்று கொள்ளலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்த பிறகே கணினியை இயக்குங்கள்.

பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் பலருக்கும் பொருந்தாது. கணினிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்திருப்பவர், தம் ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கினால் தொழிலுக்கான கணினிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, தாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இது கிடையாது. வாரண்டி கேட்கவும் அந்தத் தாள்தான் வேண்டும். “எல்லா சாஃப்ட்வேரும் இலவசமாகப் போட்டுத் தருகிறோம்” என்பதற்கும் மயங்க வேண்டாம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் போன்றவை கிராக் செய்த மென்பொருள்கள் வழியாகவும் நுழைகின்றன. கடிதமும் விலைப்பட்டியலும் தயாரிக்க லிப்ரேஆபீஸ் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழில் தட்டச்சு செய்யத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. தமிழ்99 விசைப்பலகை 2019 முதல் விண்டோஸிலேயே இருக்கிறது.

கையில் 40,000 ரூபாய் இருந்தால் முழுவதையும் கணினிக்கே கொடுத்துவிடாமல், ஏழெட்டாயிரத்தை யுபிஎஸ்ஸுக்கும் வெளியில் செருகும் ஹார்டு டிஸ்க்குக்கும் முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். கணினியில் வேண்டாம் என்று சொன்ன ஹார்டு டிஸ்க் பேக்கப்புக்கு மிகப் பொருத்தமானது. வேலை முடிந்ததும் கணக்கைப் பிரதி எடுத்து, உடனே கழற்றித் தனியாக வைக்க வேண்டும். செருகியபடியே விட்டால் கணினியைத் தாக்கும் வைரஸ் அதையும் விட்டுவைக்காது. இன்னொரு பிரதி கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அந்தப் பேக்கப்பை டாலியில் வேறொரு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசிப் பதிவு வரை திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.