எங்கள் பின்சந்து மாறிய வருடம்
கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு வரிசையின் பின்சந்து எப்போதும் இருட்டு, குப்பை. போன வருடம் மகளுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பில் சேர்ந்தேன். 1975இல் மலேசியாவில் தொடங்கியது அது. எங்கள் பகுதியில் இரவு ரோந்தோடு நின்றிருந்தது.

முதல் கோத்தோங் ரோயோங்கில், அதாவது எல்லோரும் கூடிச் செய்த துப்புரவில், லாரி நிறையக் குப்பை அள்ளினோம். இரண்டே வாரத்தில் பழையபடி ஆனது. மனசு விட்டுப்போனது.

அப்புறம்தான் கொசு விஷயத்தில் எங்கள் தவறு புரிந்தது. பூச்சட்டித் தட்டு நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஓரத்தில் மிளகுத்தூள் போலக் கறுப்பாக ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள்தான். அதனால் ஞாயிறுதோறும் 10 நிமிடம் தேய்க்கச் சொல்லி, வீடு வீடாகக் கதவு தட்டினோம்.

குப்பை வீசும் மூலையில் கறிவேப்பிலையும், சமையலில் வாசனைக்குப் போடும் பாண்டானும் நட்டோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் (அத்தை) தினமும் தண்ணீர் ஊற்றினார். அதன்பின் அங்கே ஒரு பைகூட விழவில்லை.

எரியாத விளக்குகளின் கம்ப எண்களைக் குறித்துப் புகார் கொடுத்தோம். மூன்றாவது தடவைதான் வெளிச்சம் வந்தது.

இந்தத் தீபாவளிக்குப் பிள்ளைகள் அந்தச் சந்தில்தான் மத்தாப்பு கொளுத்தினார்கள், என் மகளும்.