விருத்தம் பாடுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

விருத்தம் பாடத் தொடங்குகிறவர்களிடம், நான் கற்ற காலத்தில் செய்த பிழைகளையே இன்றும் கேட்கிறேன். சுருதி விலகுவது, சொல் மறப்பது போன்றவற்றை எந்த ஆசிரியரும் திருத்திவிடுவார். யாரும் திருத்தாமல் மேடைவரை வந்துவிடுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

பெயரை வைத்து யாப்பை முடிவு செய்வது

யாப்பில் விருத்தம் என்றால் அளவொத்த நான்கு அடிகள். அடிக்கு நான்கு சீர் வந்தால் கலிவிருத்தம். ஆறும் அதற்கு மேலும் வந்தால் ஆசிரிய விருத்தம். கச்சேரியிலோ விருத்தம் என்பது பாடும் முறை. எந்தச் செய்யுளையும் தாளமில்லாமல் ராகத்தில் விரித்துப் பாடினால் அது விருத்தம்தான். அபிராமி அந்தாதியும் கந்தர் அலங்காரமும் கட்டளைக் கலித்துறையில் அமைந்தவை. மேடையில் விருத்தமாகவே பாடுகிறோம். அடிக்கு ஐந்து சீர் கொண்ட அந்த யாப்பில் பொருள் அடிக்கடி அடியைத் தாண்டி ஓடும். அடுத்த பிழை அங்கேதான் பிறக்கிறது.

அடி முடிந்ததும் நிறுத்துவது

இதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. கந்தர் அலங்காரத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு:

நாளென் செயும்வினை தானென் செயும்எனை நாடிவந்த
கோளென் செயும்கொடுங் கூற்றென் செயும்குமரேசர்இரு
தாளும் சிலம்பும் சதங்கையும் தண்டையும் சண்முகமும்
தோளும் கடம்பும் எனக்குமுன் னேவந்து தோன்றிடினே

தாளம் இல்லாததால், எங்கே இறங்குவது என்று தெரியாமல் பாடுகிறவர் அச்சிட்ட அடியையே நம்புகிறார். "குமரேசர் இரு" என்று நிறுத்தி, சொல்லில்லாமல் "ஆ" என்று அகாரத்தில் உலாவிவிட்டு, பிறகு "தாளும்" என்கிறார். முருகனின் இரண்டு திருவடிகள் காணாமற்போய், யாரையோ காத்திருக்கச் சொன்னது போலக் கேட்கிறது. கோயில் கச்சேரி ஒன்றில் வயலின்காரரும் அந்த "இரு"வை வாங்கி இன்னும் நீட்டினார். என் பக்கத்தில் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டி, "தாளும்" வரும் வரும் என்று காத்திருந்து, வாயை மூடிக்கொண்டார். அவர் அன்றாடம் வேண்டிக்கொள்ளும் பாட்டு அது. அவரிடமிருந்து அதைப் பறிக்க நமக்கு என்ன உரிமை?

அபிராமி அந்தாதியின் முதல் பாட்டு இன்னும் கடினம். "உணர்வுடையோர்" என்று அடி முடியும். "மதிக்கின்ற மாணிக்கம்" அடுத்த அடியில். "மலர்க்கமலை" இங்கே, "துதிக்கின்ற மின்கொடி" அங்கே. "தோயமென்ன" என்பதும் "விதிக்கின்ற மேனி"யோடு சேர வேண்டியது. மூன்று அடி முடிவிலும் நின்றால் மூன்று இடத்திலும் பொருள் அறுந்துபோகும்.

பாட்டை முதலில் உரைநடையாக எழுதிக்கொள்ளுங்கள். மூச்சு எடுக்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். "நாளென் செயும்", "வினைதானென் செயும்", "எனை நாடிவந்த கோளென் செயும்", "கொடுங்கூற்றென் செயும்" என்று நிறுத்தி, "குமரேசர் இருதாளும்" என்று ஒரே மூச்சில் எடுங்கள். எதுகை கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். நாள், கோள், தாள், தோள் நான்கும் தாமாகவே காதில் விழும்.

குறிலில் கார்வை வைப்பது

கார்வை என்றால் ஒலியை நீட்டி நிற்பது. "செயும்" என்பதில் முதலெழுத்தை நீட்டினால் "சேயும்" ஆகிவிடும். நீட்ட வேண்டுமென்றால் நெடிலைத் தேடுங்கள். மேலே உள்ள பாட்டில் நான்கு அடியும் நெடிலில்தான் தொடங்குகின்றன. கந்தர் அலங்காரம் பாடிய அருணகிரிநாதர் நமக்கு வேண்டிய இடத்தை விட்டுவைத்திருக்கிறார்.

தொடையில் தாளம் தட்டுவது

கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பக்கவாத்தியத்திடம் சொல்லாமல் ஏறுவது

எந்த அடி முடிவில் நிற்கப்போவதில்லை என்று வயலின்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வழக்கப்படி அவர் அங்கே வாசிக்கத் தொடங்குவார். பழி அவர்மேல் விழும்.

ராகமாலிகையில் வாக்கியத்தின் நடுவே ராகம் மாற்றுவது

அடிக்கொரு ராகம் என்று கணக்குப் போடாதீர்கள். "குமரேசர் இரு" மோகனத்திலும் "தாளும்" சிந்துபைரவியிலும் வந்தால் பாட்டு இரண்டாகப் பிளந்துவிடும். பொருள் முடியும் இடத்தில் மாற்றுங்கள். விருத்தத்தை அடுத்துக் கீர்த்தனை பாடுவதாக இருந்தால், கடைசி ராகம் அந்தக் கீர்த்தனையின் ராகமாக இருக்கட்டும்.