‘போயிருக்கணும்’ என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் ‘தேனி பஸ் இந்நேரம் போயிருக்கணும்’ என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. பஸ் கண்ணில் படவில்லை, அநேகமாகப் போய்விட்டது என்பது ஒன்று. போக வேண்டிய நேரம் தாண்டியும் டிரைவர் டீக்கடையில் நிற்கிறார் என்பது இன்னொன்று. எது என்று குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். இங்கிலீஷில் இதற்கு மோடல் வெர்பையே (மஸ்ட், ஷுட், மே, கேன் மாதிரி முக்கிய வெர்புக்கு முன்னால் வரும் துணை வெர்ப்) மாற்ற வேண்டும். முதலாவது ‘த பஸ் மஸ்ட் ஹேவ் லெஃப்ட் பை நவ்’. இரண்டாவது ‘த பஸ் ஷுட் ஹேவ் லெஃப்ட் பை நவ்’. ஷுட் ஹேவ் சில நேரம் ‘போயிருக்கும்னு நினைக்கிறேன்’ என்றும் வரும். மஸ்ட் ஹேவ் மட்டும் ஒருநாளும் குறை சொல்ல வராது.

அதனால் வாக்கியம் எழுதும்போது முதலில் காலச் சொல்லைப் பாருங்கள். நாளைக்கு, இனிமேல், தினமும் என்றால் மோடலுக்குப் பின்னால் வெர்பின் முதல் வடிவம் போதும்: ‘மஸ்ட் கோ’, ‘மே கம்’. நேற்று, போன வாரம், இந்நேரம் என்று வந்து, நடந்ததைப் பற்றி ஊகமோ குறையோ சொல்வதானால் நடுவில் ஹேவ் போட்டு மூன்றாம் வடிவத்துக்குப் போக வேண்டும்: ‘மஸ்ட் ஹேவ் கான்’. அவன், அவள், அது எதுவானாலும் ஹேவ்தான், ஹேஸ் வராது. பேச்சில் இது ‘மஸ்டவ்’ என்று காதில் விழுவதால் ‘மஸ்ட் ஆஃப்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. இங்கிலீஷ்காரர்களே செய்கிற தப்பு அது.

லீவ் லெட்டரில் அதிகம் சறுக்குவது கட்டாயத்தைச் சொல்லும் இடத்தில். ‘நேத்து பேங்க்குக்குப் போக வேண்டியதாப் போச்சு’ என்பதை ‘ஐ மஸ்ட் ஹேவ் கான் டு த பேங்க் யெஸ்டர்டே’ என்று எழுதினால், ‘நேத்து பேங்க்குக்குப் போயிருப்பேன் போல, ஞாபகமில்லை’ என்று ஆகிவிடும். மேனேஜர் சிரிப்பார். முடிந்துபோன கட்டாயத்துக்கு மஸ்ட் உதவாது, ‘ஐ ஹேட் டு கோ’ என்றே எழுத வேண்டும்.

‘லாம்’ இதைவிடப் பொல்லாதது. ‘அவர் நேத்தே ஊருக்கு வந்திருக்கலாம்’ என்றால் ‘வந்தாரோ என்னவோ’ என்றும் எடுக்கலாம், ‘வரலை, வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்’ என்றும் எடுக்கலாம். தெரியாத விஷயத்துக்கு ‘ஹீ மே ஹேவ் கம் யெஸ்டர்டே’. நடக்காமல் போனதற்கு ‘ஹீ குட் ஹேவ் கம் யெஸ்டர்டே’. (இந்தக் குட் நல்லதைச் சொல்லும் குட் இல்லை, கேனுக்கு அண்ணன்.) ‘நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல’ என்று கோபமாக எழுதும்போது மே போட்டால் கோபம் போய்ச் சேராது. ‘யூ குட் ஹேவ் டோல்ட் மீ’ என்றால்தான் உறைக்கும்.

இதே லாமை வைத்து நாளைய மழைக்குக் கேன் போடுகிறார்கள். ‘இட் கேன் ரெய்ன் டுமாரோ’ தப்பு. ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றிய சந்தேகத்துக்கு மே, மைட், குட் மூன்றும் சரி. பொதுவாக நடக்கக்கூடியதற்குத்தான் கேன்: ‘இன் மதுரை இட் கேன் கிராஸ் ஃபார்ட்டி டிகிரீஸ் இன் மே’. இதில் கடைசியில் வரும் மே வெயில் மாதம்.

கேனின் இறந்தகாலம் குட் என்று பள்ளியில் படித்தது பாதிதான் உண்மை. ‘சின்ன வயசுல நீந்த முடியும்’ என்ற பொதுத் திறமைக்குக் குட் சரி. ‘நேத்து ஒருவழியா டிக்கெட் எடுக்க முடிஞ்சது’ என்று ஒரே ஒரு தடவை சாதித்ததற்கு ‘ஐ வாஸ் ஏபிள் டு கெட் எ டிக்கெட்’. முடியாமல் போனால் கவலையில்லை, ‘குடின்ட்’ இரண்டுக்கும் வரும். நாளைக்கு முடியும் என்பதை ‘வில் கேன்’ என்று எழுதாதீர்கள். இரண்டு மோடல் ஒரே வெர்புக்கு முன் நிற்காது. ‘வில் பி ஏபிள் டு’ என்றோ வெறும் கேன் என்றோ எழுதலாம்.

அடுத்தது ‘வரும்போது’. தமிழில் ‘வரும்’ எதிர்காலம் என்பதால் கை தானாக ‘வென் த பஸ் வில் கம்’ என்று எழுதிவிடும். எப்போது நடக்கும் என்று சொல்லும் வென், பிஃபோர், ஆஃப்டர், அன்டில், பை த டைம் இவற்றுக்குப் பின்னால் வில் வராது. அது வாக்கியத்தின் மறுபாதிக்குப் போகும்: ‘வென் த பஸ் கம்ஸ், ஐ வில் கால் யூ’. ‘பஸ் எப்ப வரும்?’ என்று கேள்வியாகக் கேட்டால் மட்டும் வில் திரும்பி வரும்.

‘வெள்ளிக்கிழமைக்குள்ள’ என்றால் பை, ‘வெள்ளிக்கிழமை வரைக்கும்’ என்றால் டில். ‘யூ மஸ்ட் பே பை ஃப்ரைடே’, ‘யூ கேன் ஸ்டே டில் ஃப்ரைடே’. கட்டுவது ஒரு நொடியில் முடிகிற வேலை, தங்குவது நீள்கிற வேலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய கதை பேசும்போது ஒரு வேடிக்கை உண்டு. ‘அப்பல்லாம் சாயங்காலமானா தெப்பக்குளத்துக்குப் போவோம்’ என்கிறோம். போனது என்றைக்கோ, வெர்ப் மட்டும் எதிர்காலம். அதை நம்பி ‘வி வில் கோ’ என்று எழுதினால் இனிமேல்தான் போவோம் என்றாகும். ‘இன் தோஸ் டேஸ் வி வுட் கோ’ என்பதே சரி. அந்த ‘அப்பல்லாம்’ இல்லாமல் வுட் தனியாக நிற்காது. செயல் இல்லாமல் வெறுமனே இருந்ததற்கும் வுட் ஆகாது. மதுரையில் முன்பு இருந்த தங்கம் தியேட்டரைப் பற்றி எழுதும்போது ‘தேர் யூஸ்ட் டு பி எ தியேட்டர் ஹியர்’ என்றுதான் எழுத வேண்டும்.

இனி எல்லாம் சேர்ந்து வரும் ஒரு வாக்கியம். சித்ரா பௌர்ணமி அன்று விடிகாலையில் வீட்டில் இன்னும் தலை சீவிக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்துச் சொல்வது: ‘நாம போறதுக்குள்ள அழகர் ஆத்துல இறங்கியிருப்பார்’. ‘போறதுக்குள்ள’ என்பது பை த டைம், அதனால் அந்தப் பாதியில் வில் கிடையாது. ‘இறங்கியிருப்பார்’ இனிமேல் வரும் ஒரு நேரத்தில் முடிந்திருக்கும், அதனால் வில் ஹேவ். ‘பை த டைம் வி கெட் தேர், அழகர் வில் ஹேவ் என்டர்ட் த ரிவர்’. ஆல்ரெடி சேர்த்தால் அது வில்லுக்கும் ஹேவுக்கும் நடுவிலோ, ஹேவுக்குப் பின்னாலோ உட்காரும்.