கப்பல் கேபினில் கூலிங் பீர்: பேக்கேஜ் வாங்கும் முன் ஒரு நிமிடம்

பால்கனி நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி கையில் ஒரு பீர். குரூஸுக்கு டிக்கெட் போடும்போதே பலர் மனதில் ஓடுகிற காட்சி இதுதான். எனக்கும் ஓடியது. அந்த ஆசையில்தான் முதல் பயணத்தில் ட்ரிங்க் பேக்கேஜை, அதாவது நாளைக்கு இவ்வளவு என்று முன்பே மொத்தமாகக் காசு கட்டிவிட்டுக் கப்பலில் குடிக்கும் திட்டத்தை, வாங்கித் தொலைத்தேன், கடைசி நாள் பில்லைப் பார்த்தால் கேபின் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த இரண்டு பீருக்குத் தனியாகக் காசு போட்டிருந்தார்கள். கவுன்டரில் போய் "பேக்கேஜ் இருக்கிறதே" என்று கேட்டேன். "அது பாருக்குத்தான் சார், மினிபார் அதில் வராது" என்று சிரித்த முகத்தோடு சொன்னார்கள். கம்பெனி பெயர் வேண்டாம், விதிமுறையில் எழுதித்தான் இருந்தது, படிக்காதது என் தப்பு.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ரிங்க் பேக்கேஜ் என்பது பார் பாராக ஏறி இறங்குகிறவருக்குப் போட்ட கணக்கு. கேபினில் அமைதியாக இரண்டு பீர் அடிக்க நினைப்பவருக்கு அது பெரும்பாலும் நஷ்டம். நான் சொல்வதெல்லாம் ஃபுளோரிடாவிலிருந்து, அதாவது மயாமி, போர்ட் கனாவரல் மாதிரி இடங்களிலிருந்து கரீபியன் பக்கம் போகும் கப்பல்களைப் பற்றி. அங்கே குடிக்கும் வயது 21.

கணக்கைப் பார்ப்போம். பேக்கேஜ் விலை கப்பலுக்குக் கப்பல், தேதிக்குத் தேதி மாறும், ஒரு உதாரணத்துக்கு நாளைக்கு 75 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 18 சதவீதம் டிப்ஸ் தானாக ஏறுகிறது என்றால் 88.50. ஏழு இரவுக்கு ஒருவருக்கு 619.50. இங்கேதான் கொக்கி இருக்கிறது: ராயல் கரீபியன் கம்பெனியின் டீலக்ஸ் பேக்கேஜோ கார்னிவல் கம்பெனியின் சியர்ஸ் பேக்கேஜோ, ஒரே கேபினில் இருக்கும் குடிக்கும் வயதுடைய ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியே ஆக வேண்டும். ஒருவர் வாங்கி இருவர் குடிப்பதைத் தடுக்கப் போட்ட விதி. அப்போது 1,239 டாலர். இரண்டு நாளைக்கு மட்டும் வாங்குகிறேன் என்றாலும் நடக்காது, முழுப் பயணத்துக்கும்தான். பாரில் ஒரு பீர் எட்டரை டாலர் என்றால் டிப்ஸோடு பத்து டாலர். போட்ட காசை எடுக்க ஆளுக்கு தினமும் ஒன்பது பீர் வேண்டும். என் மனைவி ஏழு நாளில் குடித்தது இரண்டு பினா கொலாடா, அதிலும் ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டாள். மிச்சத்தையெல்லாம் நான் குடித்து ஈடுகட்ட வேண்டுமென்றால் நாளைக்குப் பதினெட்டு. கார்னிவலில் அதுவும் முடியாது, காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை பதினைந்து மதுபானம்தான் என்று வரம்பு இருக்கிறது. ஒன்று வாங்கி ஐந்து நிமிடம் கழித்துத்தான் அடுத்தது.

இதில் துறைமுக நாட்களை மறந்துவிடாதீர்கள். காலை எட்டுக்கு இறங்கி மாலை நாலுக்கு ஏறுகிற நாளில், கரையில் குடிப்பதற்குக் கைக்காசுதான். ராயல் கரீபியனின் சொந்தத் தீவான கோகோகேயில் அவர்கள் பேக்கேஜ் செல்லும், பஹாமாஸ் தலைநகரான நாசோ ஊருக்குள் இருக்கும் பாரில் செல்லாது.

காபி, சோடா, தண்ணீர் பாட்டில், காக்டெயில் என்று காலை முதல் இரவு வரை கையில் ஏதாவது வைத்திருக்கும் ஜோடி என்றால் பேக்கேஜ் கட்டுப்படியாகும், மறுக்கவில்லை. அப்படி வாங்குவதென்றால் கப்பலில் ஏறிய பிறகு வாங்காதீர்கள். பயணத்துக்கு முன்பே வெப்சைட்டில் தள்ளுபடி வரும், ராயல் கரீபியனில் வாங்கிய பிறகு விலை இறங்கினால் ரத்து செய்துவிட்டு குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நான் ஒரு தடவை மூன்று முறை மாற்றி வாங்கியிருக்கிறேன், மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

சரி, பேக்கேஜ் வாங்கியாகிவிட்டது, ஆனால் குடிக்க விரும்புவது கேபினில். என்ன செய்வது? ரூம் சர்வீஸில் பீர் கேட்டால் பேக்கேஜில் வராது, மினிபாரும் வராது. ஆனால் பாரில் வாங்கிய கிளாஸையோ கேனையோ கையில் எடுத்துக்கொண்டு உங்கள் கேபினுக்கு நடந்து போவதை யாரும் தடுக்க மாட்டார்கள். அவ்வளவுதான் வித்தை. முதல் நாளே உங்கள் கேபினுக்குப் பக்கத்தில் இருக்கும் பார் எது, அது எத்தனை மணிக்கு மூடும் என்று பார்த்து வையுங்கள். பன்னிரண்டு மாடிக் கப்பலில் லிஃப்டுக்குக் காத்திருந்து வருவதற்குள் கேன் சூடாகிவிடும். பெரும்பாலும் கேனைத் திறந்துதான் கொடுப்பார்கள், எனவே நாலு வாங்கி ஃப்ரிட்ஜில் அடுக்கலாம் என்ற திட்டம் வேண்டாம், ஒரு நேரத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும். அடுத்தவருக்கு உங்கள் கேபின் கார்டில் வாங்கிக் கொடுத்து மாட்டினால் பேக்கேஜையே பிடுங்கிவிடுவார்கள், பணமும் திரும்பாது.

பேக்கேஜ் இல்லாதவருக்குத்தான் கேபின் பீர் உண்மையில் சுலபம். பக்கெட் பீர் என்று விற்பார்கள், நாலைந்து பீரை ஐஸில் புதைத்து ஒரு சின்ன வாளியில், தனித்தனியாக வாங்குவதைவிடக் கொஞ்சம் மலிவாக. பேக்கேஜில் இது வராது, காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். அந்த வாளியோடு கேபினுக்குப் போய்விடலாம். திறக்காமல் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், சில பார்களில் ஒன்றை மட்டும் திறந்துவிட்டு மீதியை அப்படியே கொடுப்பார்கள். இன்னொன்று, கப்பல் கம்பெனியின் வெப்சைட்டில் பரிசுப் பொருள் பகுதி என்று ஒன்று இருக்கும், பிறந்தநாள் பலூன், சாக்லேட் நனைத்த ஸ்ட்ராபெரி எல்லாம் விற்கிற இடம். அங்கே பீர் பேக் இருந்தால் முன்பதிவு செய்துவிடலாம், கேபினுக்கே வந்து சேரும். கடை விலையைவிட அதிகம்தான், ஆனால் பாரை விடக் குறைவாக வரும் நாட்களும் உண்டு, ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெளியிலிருந்து கொண்டுபோகலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். ராயல் கரீபியனிலும் கார்னிவலிலும் ஏறும் நாளில் 21 வயதானவர் ஆளுக்கு 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின் பாட்டில் ஒன்று, மூடி திறக்காமல், கைப்பையில். பீர் கிடையாது, விஸ்கி பிராந்தி கிடையவே கிடையாது. மவுத்வாஷ் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போவது, ஷாம்பு பை மாதிரி இருக்கும் ரகசியப் பைகள், இதெல்லாம் ஊருக்கே தெரிந்த தந்திரம், ஸ்கேனர் முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்குமா? பெட்டி கேபினுக்கு வராது, செக்யூரிட்டி அறைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லுவார்கள், பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே நிற்பது போல வரிசையில் நிற்க வேண்டும். என் மச்சான் ஒரு தடவை நின்றான், அவனுக்கு முன்னால் நின்ற பாட்டியின் பெட்டியில் இஸ்திரிப் பெட்டி இருந்ததாம். அதுவும் தடை.

விதிவிலக்கு டிஸ்னி. குழந்தைகளுக்கான கப்பல் என்று பெயர், ஆனால் பீர் விஷயத்தில் தாராளம்: 21 வயதானவர் ஒவ்வொருவரும் ஆறு பீர் (ஒவ்வொன்றும் 12 அவுன்ஸ், நம் கணக்கில் 355 மில்லி) அல்லது இரண்டு பாட்டில் ஒயின் கொண்டுவரலாம். ஏறும் நாளில் மட்டுமல்ல, ஒவ்வொரு துறைமுகத்திலும். நாசோவில் இறங்கினால் அந்த ஊர் காலிக் பீர் ஆறு வாங்கிக்கொண்டு தைரியமாக ஏறலாம். கைப்பையில்தான் வர வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. கேபினில்தான் குடிக்க வேண்டும், டெக்கிலோ லவுஞ்சிலோ எடுத்துப்போய்க் குடிக்கக் கூடாது. அங்கே அளவில்லாத ட்ரிங்க் பேக்கேஜ் என்று ஒன்று விற்பதே இல்லை. கேபினில் பீர் குடிப்பதுதான் உங்கள் ஆசை என்றால் இதைவிட வசதியான விதி பெரிய கம்பெனிகளில் நான் பார்க்கவில்லை, டிக்கெட் விலைதான் கண்ணைக் கட்டும்.

பீர் கிடைத்துவிட்டது, இனி கூலிங். கேபினில் இருப்பது ஃப்ரிட்ஜ் மாதிரி தோன்றும், பல கப்பல்களில் அது வெறும் கூலர்தான், உள்ளே வைத்த பீர் ஜில்லென்று ஆகாது, கிணற்றுத் தண்ணீர் அளவுக்குத்தான் வரும். சிலவற்றில் மினிபார் சாமான்களும் அடைத்துக்கொண்டிருக்கும். நீங்களாக எடுத்து வெளியே வைக்காதீர்கள், எடுத்தாலே கணக்கில் ஏறுகிற ஏற்பாடும் உண்டு. முதல் நாளே கேபின் அட்டெண்டன்டைக் கூப்பிட்டு "இதையெல்லாம் காலி பண்ணிக் கொடுங்கள், தினமும் சாயங்காலம் ஒரு பக்கெட் ஐஸ் வையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள், முடிந்தால் கையில் ஐந்து பத்து டாலரோடு.

ஐஸ் வந்ததும் கேனை ஐஸ் மேல் சும்மா சாய்த்து வைப்பதில் பிரயோசனம் இல்லை. கட்டிக்கும் கட்டிக்கும் நடுவில் காற்றுதான் இருக்கும். பக்கெட்டில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், பஃபேயிலிருந்து ஏழெட்டு உப்புப் பொட்டலம் எடுத்துவந்து கொட்டிக் கிளறுங்கள். உப்பு போட்டால் ஐஸ் தண்ணீர் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே போகும், தண்ணீர் கேனைச் சுற்றி முழுக்க ஒட்டிக்கொள்ளும். கேனை அவ்வப்போது கழுத்தைப் பிடித்துச் சுழற்றிவிட்டால் இருபது நிமிடத்துக்குள் வெளியே எடுத்த கேனில் முத்து முத்தாக வியர்வை பூக்கும். கண்ணாடி பாட்டில் என்றால் இன்னும் கொஞ்சம் நேரம். குடிக்கும் முன் கேனின் வாயை ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், இல்லையென்றால் முதல் வாய் உப்புக் கரிக்கும், மச்சான் "கடல் காற்று" என்று அதற்குக் காரணம் கண்டுபிடித்தான். ஒரு பாட்டில் ஓப்பனர் பெட்டியில் இருக்கட்டும்.

தொட்டுக்கொள்ள? வீட்டில் செய்த பலகாரத்தை ஏறும் இடத்தில் எடுத்துவிடுவார்கள், ஆனால் கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் என்றால் பொதுவாக விட்டுவிடுவார்கள். மிக்சர், காராக்கடலை, முறுக்கு எல்லாம் சீல் வைத்த பாக்கெட்டாகக் கொண்டுபோங்கள். பஃபேயில் என்ன இருந்தாலும் பீருக்குக் காராக்கடலை மாதிரி வராது.

பால்கனிக்கு வருவோம். கப்பல் ஓடும்போது காற்று நாம் நினைப்பதைவிட பலமாக அடிக்கும், முன்பக்க கேபின்களில் ரொம்ப மோசம், பின்பக்கம் அமைதி. பால்கனிக் கதவைத் திறக்கும்போது கேபின் வாசல் கதவை யாரும் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றாகத் திறந்தால் காற்று இழுத்து கதவு டமால் என்று அறையும், நடுவில் விரல் இருந்தால் போச்சு. கம்பி மேல் கேனையோ கிளாஸையோ வைக்காதீர்கள், அது கீழ்மாடிக்காரர் தலைக்குத்தான் போகும். காலி கேனைக் கடலில் எறிவது வெறும் அநாகரிகம் அல்ல. மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தப்படி குற்றம், பிடிபட்டால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடவும் செய்வார்கள், கேமரா எல்லா இடத்திலும் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்காராதீர்கள், ஏசி நின்றுவிடும், கண்ணாடியெல்லாம் வியர்த்துவிடும். பக்கத்து பால்கனிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தட்டிதான், நீங்கள் மாமியாரைப் பற்றிப் பேசுவது அங்கே தெளிவாகக் கேட்கும். தமிழ் யாருக்குப் புரியும் என்று நினைத்துத்தான் நானும் பேசிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை லிஃப்டில் ஒருவர் "நீங்க மதுரைப் பக்கமா?" என்று கேட்டார்.

குமட்டலுக்கு மாத்திரை போட்டிருந்தால் அன்று பீர் வேண்டாம். மெக்லிசின் மாதிரி மாத்திரையோடு சேர்ந்தால் அப்படியே தூக்கம் சுழற்றும், கப்பல் ஆடுகிற நாளில் எழுந்து பாத்ரூம் போகவே தடுமாறும்.

கடைசி இரவு, பெட்டியை வாசலில் வைக்கும் முன், டிவியிலோ ஆப்பிலோ உங்கள் கணக்கைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். பீர், மினிபார், ரூம் சர்வீஸ், டிப்ஸ், எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும், எடுக்காத மினிபார் தண்ணீர் பாட்டில் ஒன்று அதில் உட்கார்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. தப்பு இருந்தால் அன்று ராத்திரியே கவுன்டருக்குப் போங்கள், விடிந்த பிறகு போனால் அங்கே பாதிக் கப்பல் வரிசையில் நிற்கும்.