குதிக்கால் குருதிப் பொட்டு: அட்டை பழுதாகாமல் எடுக்கும் முறை

புதிதாகப் பிறந்த பிள்ளைகளில் பிறவி அனுசேபக் குறைபாடுகளை (உணவை உடைத்துப் பயன்படுத்துவதில் பிறவியிலேயே உள்ள கோளாறுகளை) குதிக்கால் குருதியில் தேடும் ஆய்வில் பாதி வேலை கட்டிலடியிலேயே முடிந்துவிடுகிறது. 1960களின் தொடக்கத்தில் றொபேட் கத்ரி கொண்டுவந்த வடிதாள் அட்டைதான் இன்றைக்கும் பாவனையில் இருக்கிறது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீற்றர் (மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் கருவி) ஒரே பொட்டில் பல குறைபாடுகளைத் தேடும். ஆனால் பிழையாக எடுத்த பொட்டை எந்த இயந்திரத்தாலும் திருத்த முடியாது.

நேரம்: பிறந்து 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள். 24 மணித்தியாலத்துக்கு முன் எடுத்தால், நோயுள்ள பிள்ளையில் பால் குடித்தபின் கூடவேண்டிய பீனைல்அலனின் (புரதத்திலுள்ள ஓர் அமினோ அமிலம்) போதியளவு ஏறியிராது, நோய் கண்ணில் படாமல் தப்பிவிடலாம். பிள்ளைக்குக் குருதி ஏற்ற வேண்டியிருந்தால் அதற்கு முன்னரே எடுங்கள். கலக்டோசீமியாவில் (பாலிலுள்ள கலக்டோஸ் சீனியை உடைக்க முடியாத நோயில்) பார்க்கும் நொதியம் செங்குழியத்துக்குள் இருக்கிறது. கொடையாளியின் குழியங்கள் பிள்ளையின் குறையை மறைத்துவிடும்.

இளஞ்சூட்டுத் துணியால் குதிக்காலை மூன்று தொடக்கம் ஐந்து நிமிடம் சுற்றிவையுங்கள். சூடு 42 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது. உள்ளங்காலின் குதிப் பகுதியில் இரு ஓரங்களில் மட்டும் குத்தவேண்டும். பின்பக்க வளைவில் எலும்பு தோலுக்குக் கிட்ட இருப்பதால் அங்கே குத்தினால் எலும்பில் கிருமி தொற்றலாம். லான்செற் (குத்தும் சிறு ஊசி) 2 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கக்கூடாது. ஸ்பிரிட் பூசினால் அது நன்றாகக் காயும்வரை பொறுங்கள். ஈரத்தோடு குத்தினால் குருதி கரைந்து, பொட்டைச் சுற்றி வெளிறிய வளையம் விழும். முதல் துளியைத் துடைத்துவிடுங்கள்.

அடுத்த துளி தானாகப் பெருத்து வரட்டும். குதிக்காலைப் பிழிந்தால் இழையத் திரவமும் சேர்ந்து வரும். அட்டையைத் துளியில் மெல்லத் தொட்டால் போதும், தாள் தானாக உறிஞ்சும். ஒரு வட்டத்துக்கு ஒரே துளி, ஏறக்குறைய 50 முதல் 75 மைக்ரோலீற்றர். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கமும் முன்பக்கம்போலவே நிறைந்திருக்க வேண்டும். ஆய்வுகூடம் இந்தப் பொட்டிலிருந்து 3.2 மில்லிமீற்றர் வில்லையைத்தான் வெட்டியெடுக்கும். அதில் ஏறக்குறைய 3 மைக்ரோலீற்றர் குருதி இருக்கிறது என்ற கணக்கிலேயே எல்லா அளவும் வரும். பொட்டின்மேல் பொட்டு வைத்தால் அளவு பொய்யாகக் கூடும், தாள் ஊறாவிட்டால் பொய்யாகக் குறையும். நிரம்பாத வட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வட்டத்துக்குப் போங்கள். வட்டத்துக்குள் விரல் படக்கூடாது. கைகழுவும் திரவமோ பால் துளியோ பட்டாலும் அட்டை கெட்டதுதான்.

யாழ்ப்பாணத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது காயவைப்பதை. அட்டையைக் கிடையாக, வட்டங்கள் எதிலும் முட்டாமல், வெயில் படாத அறையில் குறைந்தது மூன்று நான்கு மணித்தியாலம் வையுங்கள். கார்த்திகை, மார்கழி மாரியில் காற்றே ஈரமாக இருக்கும். ஏசி அறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இன்னும் கூட நேரம் விடுங்கள். அவசரத்துக்கு வெயிலிலோ ஹெயார் ட்ரையரிலோ காயவைக்காதீர்கள். வெக்கையும் ஈரமும் நொதியங்களைச் சிதைக்கும். நலமான பிள்ளைக்குக்கூடக் கலக்டோசீமியாவோ பயோற்றினிடேஸ் என்ற நொதியக் குறைபாடோ இருப்பதாகக் காட்டும், அந்தத் தாய் தகப்பன் வீணாகக் கலங்கிப்போவார்கள். காய்ந்ததும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பையில் இட்டு 24 மணித்தியாலத்துக்குள் அனுப்புங்கள். குளிர்ப்பெட்டியில் வைத்த பை அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கவேண்டாம், திறந்தால் பொட்டில் நீர் படியும்.

படிவத்தில் பிறந்த நேரம், எடுத்த நேரம், நிறை, பால் குடிக்கிறதா, நாளத்தால் அமினோ அமிலம் ஏறுகிறதா, என்ன மருந்து என்பன கட்டாயம். வலிப்பு மருந்தான வல்புரோயேற்று, கார்னிற்றின் இரண்டும், கொழுப்பமிலக் குறைபாடுகளைக் காட்டும் அசைல்கார்னிற்றின் அளவை மாற்றும்.

குடும்ப விபரத்தைத் தாயிடம் தனியாக, ஆறுதலாகக் கேளுங்கள். “சொந்தத்துக்குள்ளயோ கலியாணம்?” என்பதோடு நிறுத்திவிடாமல், “அம்மா, உங்கட பக்கத்திலயோ அவரின்ர பக்கத்திலயோ சின்னனிலேயே தவறின பிள்ளையள் ஆரும் இருக்கினமோ?” என்றும் கேட்கவேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது இதற்குச் சரியான மறுமொழி வராது. தாய் தகப்பன் இருவரும் ஒரே பின்னிடைவு மரபணுவை (இருவரிடமிருந்தும் வந்தால் மட்டும் நோய் தரும் மரபணுவை) காவினால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம்.

பிள்ளை சோர்ந்து, பால் மறுத்து, வாந்தி எடுத்து, வேகமாக மூச்செடுத்தால் அட்டையின் மறுமொழிக்குக் காத்திராதீர்கள். குளுக்கோஸ், குருதி வாயு, அமோனியா (புரதம் உடையும்போது உண்டாகும் நச்சுப்பொருள்) மூன்றையும் உடனே பாருங்கள். அமோனியாவுக்கு இறுக்கிக் கட்டாமல், தங்குதடையின்றி ஓடும் நாளக் குருதியை ஈடிரிஏ (குருதி உறையாமல் தடுக்கும் பொருள்) இட்ட குழாயில் எடுத்து, ஐஸ் நீரில் வைத்து, 15 நிமிடத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுக்கவேண்டும். தாமதித்தால் குழாய்க்குள்ளேயே அமோனியா ஏறிவிடும். அமோனியா உண்மையாகவே கூடியிருந்தால், வைத்தியர் பாலை நிறுத்தி 10 சதவீத டெக்ஸ்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) ஏற்றத் தொடங்குவார். பால் நிறுத்திய நேரத்தையும் குறித்துவையுங்கள்: புரதத்தை 24 முதல் 48 மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்திவைத்தால் உடல் தன் தசையையே உடைத்து அமோனியாவைத் திரும்பவும் கூட்டும்.