வீட்டைப் பார்த்த பிறகு கணக்குப் பார்ப்பதா? வீவக வீடு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கும்போது கையைச் சுட்டுக்கொள்பவர்கள் எல்லாரும் விதி தெரியாதவர்கள் அல்லர். பாதிப் பேர் விதிகளைக் கேள்விப்பட்டிருப்பார்கள், வரிசையைத்தான் மாற்றிவிடுவார்கள். நல்ல காற்று, நடக்கும் தூரத்தில் எம்ஆர்டி ரயில் நிலையம், கீழேயே காப்பிக்கடை என்று மனம் அந்த வீட்டில் குடியேறிய பிறகுதான் கடன் எவ்வளவு, மானியம் உண்டா, இன வரம்பு இடம் கொடுக்கிறதா என்று தேடத் தொடங்குவார்கள். வீவகவோ ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தேதியை வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறது. அந்தத் தேதியில் வருமானம் என்ன, வேலை இருந்ததா, வேறு சொத்து இருந்ததா? கீழே வரும் தொகைகளும் வரம்புகளும் 2025 நிலவரம்.

முன்சோதனையைக் கடிதம் என்று நம்புவது

2023 மே 9 முதல் வீவக தகுதிக் கடிதம் இல்லாமல் எதுவும் நகராது. வாங்கத் தகுதி உண்டா, எவ்வளவு மானியம், எவ்வளவு வீவக கடன் என்ற மூன்றுக்கும் ஒரே கடிதத்தில் பதில் வரும். விண்ணப்பத்தில் இரண்டு படிகள் இருக்கின்றன. முதல் படி முன்சோதனை. சிங்பாஸ் எனும் மின்னடையாளம் மூலம் நுழைந்து விவரம் கொடுத்ததும் உடனே விடை தெரியும். பலர் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, கடிதம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். உண்மையான விண்ணப்பம் இரண்டாவது படிதான். ஆவணங்கள் முழுமையாகப் போய்ச் சேர்ந்த பிறகும் ஏறக்குறைய 21 வேலை நாள் ஆகும். பிடிஓ (முன்பதிவின்பேரில் கட்டித் தரும் புது வீடுகள்) விற்பனை நெருங்கும் மாதங்களில் கூட்டம் அதிகம், காத்திருப்பும் அதிகம்.

கடிதம் 9 மாதம் செல்லும். மறுவிற்பனை வீடு என்றால், விற்பவர் ஆப்ஷன் (வீட்டை வாங்கும் உரிமையை உங்களுக்கு ஒதுக்கும் பத்திரம்) கொடுக்கும் முன்பே உங்கள் கையில் செல்லுபடியாகும் கடிதம் இருக்க வேண்டும்.

வேலையை விடுவதற்கும் இங்கே ஒரு நேரம் உண்டு. மேம்படுத்தப்பட்ட மசேநி (மத்திய சேமநிதி, சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) வீட்டு மானியத்துக்கு, விண்ணப்பதாரர்களில் ஒருவராவது அதற்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதும் வேலையில் இருக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 20 முதல் இந்த மானியம் குடும்பங்களுக்கு 120,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, தனியருக்கு 60,000 வெள்ளி வரை. வேலை மாற நினைப்பவர்கள் கடிதம் வரும்வரை பொறுத்தால் நல்லது. 'சும்மா பெயர் இருக்கட்டும்' என்று சம்பாதிக்கும் தம்பியையும் விண்ணப்பத்தில் சேர்ப்பது இதற்கு நேர்மாறான தவறு. பட்டியலில் உள்ள எல்லாருடைய வருமானமும் கணக்கில் வரும். இந்த மானியத்துக்கான குடும்ப வருமான வரம்பு மாதம் 9,000 வெள்ளிதான்.

ஊரில் உள்ள வீட்டைச் சொல்லாமல் விடுவது

நம்மவர்களிடம் அதிகம் காணும் தவறு இது. விவரமாகச் சொல்ல வேண்டியதும் இதுதான்.

வீவகவிடமிருந்து புது வீடு வாங்குவோர், மானியம் பெறுவோர், வீவக கடன் கேட்போர் ஆகியோரிடம் வேறு குடியிருப்புச் சொத்து இருக்கக் கூடாது. விண்ணப்பத்துக்கு முந்தைய 30 மாதத்துக்குள் அப்படி எதையும் விற்றிருக்கவோ எழுதிக்கொடுத்திருக்கவோ கூடாது. சிங்கப்பூரில் இருந்தால் மட்டும் அல்ல, தஞ்சாவூரில் இருந்தாலும் அது சொத்துதான். விலை கொடுத்து வாங்கியது, தானமாக வந்தது, வாரிசாகக் கிடைத்தது, வேறொருவர் பெயரில் வைத்திருப்பது என எல்லாமே இதில் அடங்கும்.

'அது அப்பா வீடு, பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது' என்பது வழக்கமான சமாதானம். அப்பா இருக்கும்வரை, அது அவர் தாமே சம்பாதித்த சொத்து என்றால், அந்தப் பேச்சு நிற்கும். உயில் எழுதாமல் அவர் காலமாகியிருந்தால் கதை வேறு. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். பட்டா மாறியதா இல்லையா என்பது பங்கு பிறப்பதைத் தடுக்காது. மகளுக்கும் பங்கு உண்டு என்பதால், கல்யாணமாகி இங்கே வந்த மனைவியின் பிறந்த வீட்டுச் சொத்தையும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

அவசரமாக அண்ணன் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு மறுமாதம் விண்ணப்பிப்பதும் உதவாது. 30 மாதக் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. மானியமும் வீவக கடனும் வேண்டாம், மறுவிற்பனை வீடு போதும் என்றாலும் 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு 15 மாதக் காத்திருப்பு வந்துவிட்டது. சந்தேகமிருந்தால் சொத்து விவரத்தை எழுதிக் கொடுத்து முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பொய்யான தகவல் கொடுத்தால் 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வீடும் கைவிட்டுப் போகலாம்.

விலையை மட்டும் பார்த்துக் கடனைக் கணக்கிடுவது

மறுவிற்பனையில் கடனும் மசேநியும் வீட்டின் விலைக்கோ மதிப்பீட்டுக்கோ, எது குறைவோ அதற்குத்தான் கிடைக்கும். வீட்டு விலை 560,000 வெள்ளி என்று பேசி முடிக்கிறீர்கள். மதிப்பீடு 535,000 என்று வருகிறது. இடையில் உள்ள 25,000 வெள்ளி முழுவதும் ரொக்கம். மசேநியைத் தொட முடியாது, மானியமும் ஈடுகட்டாது. வீவக கடன் 2024 ஆகஸ்ட் 20 முதல் அதிகபட்சம் 75 விழுக்காடு. 535,000இல் அது 401,250. மீதி 133,750 வெள்ளியை மசேநி, மானியம், ரொக்கம் மூன்றிலும் சேர்த்துப் புரட்ட வேண்டும். வங்கிக் கடன் என்றால் 5 விழுக்காடாவது ரொக்கமாகவே கட்ட வேண்டும்.

மதிப்பீடு ஆப்ஷன் வாங்கிய பிறகுதான் தெரியும் என்பதே இங்குள்ள சிக்கல். ஆப்ஷன் கொடுத்த நாளுக்கு அடுத்த வேலை நாளுக்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ஆப்ஷன் 21 நாள் செல்லும். 21ஆவது நாள் மாலை 4 மணிக்கு முடிந்துவிடும். முதலில் கொடுக்கும் ஆப்ஷன் கட்டணம் 1 முதல் 1,000 வெள்ளிக்குள் இருக்கலாம். மதிப்பீடு காலை வாரினால் நீங்கள் விட்டுவிட்டுப் போகக்கூடிய பணம் அதுதான், ஆகவே அதைக் குறைவாகப் பேசுங்கள். அதே புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்), அதே அளவு வீடுகள் அண்மையில் என்ன விலைக்குப் போயின என்பது வீவக இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பார்க்காமல் விலை பேசுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

மாதத் தவணைக்கும் உச்சவரம்பு இருக்கிறது. குடும்ப வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீவக வீட்டுத் தவணைக்குப் போகக் கூடாது. 6,000 வெள்ளி வருமானம் என்றால் தவணை 1,800. வீவக கடனின் வட்டி 2.6 விழுக்காடு என்றாலும், தகுதியைக் கணக்கிடும்போது 3 விழுக்காடாக வைத்தே பார்ப்பார்கள். 25 ஆண்டுக்கு அது ஏறத்தாழ 379,000 வெள்ளிக் கடன். அதற்கு மேல் ஆசைப்படுவதற்கு முன் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

மானியத்தைக் கைப்பணமாக எண்ணுவதும் இதே வகைத் தவறு. அது மசேநி சாதாரணக் கணக்குக்குப் போகிறது. வீட்டை விற்கும்போது அந்தத் தொகை, சேர்ந்த வட்டியோடு உங்கள் மசேநிக்கே திரும்ப வேண்டும். 80,000 வெள்ளி மானியம் 10 ஆண்டில், 2.5 விழுக்காட்டில், 102,000க்கும் மேல் ஆகியிருக்கும். பணம் உங்களுடையதுதான், ஆனால் விற்ற மறுநாள் கைக்கு வராது. அடுத்த வீட்டுக்கு ரொக்கம் வரும் என்று கணக்குப் போட்டவர்கள் இங்கேதான் திகைத்து நிற்கிறார்கள்.

இன வரம்பைக் கடைசியில் பார்ப்பது

1989 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஓரிடத்தில் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காட்டு வீடுகளை வைத்திருக்கலாம் என்று வரையறுக்கிறது. அதில் இந்தியருக்கும் மற்றவருக்கும் (சீனர், மலாய்க்காரர், இந்தியர் அல்லாதோர்) சேர்த்து, வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு என்று வரம்பு. 2010க்கு முன் இது இன்னும் குறைவு. வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் வாங்க முடியாது என்று பலர் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. விற்பவரும் இந்தியர் அல்லது மற்றவர் பிரிவினர் என்றால் வாங்கலாம், ஏனென்றால் விகிதம் மாறாது. முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விற்பவர் எந்த இனம் என்பதே.

விற்கும் பக்கம் வலி வேறு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் ஒருவர் விற்க வந்தால், சீனருக்கு விற்க முடியாது. வாங்கக்கூடியவர் கூட்டம் சுருங்கும், விலையும் இறங்கும். வாங்கும்போதே இதை யோசிப்பவர்கள் மிகக் குறைவு. கலப்பு மணக் குடும்பங்கள் வாங்கும்போது இருவரில் ஒருவர் இனத்தைத் தேர்ந்துகொள்ளலாம். விற்கும்போதும் அதே இனம்தான்.

நிரந்தரவாசிகளுக்கு இன்னும் இரண்டு தடைகள். குடும்பமே நிரந்தரவாசிகள் என்றால், எல்லாருக்கும் அந்தத் தகுதி கிடைத்து 3 ஆண்டு ஆகியிருந்தால்தான் மறுவிற்பனை வீடு. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கு வட்டாரத்தில் 5, புளோக்கில் 8 விழுக்காடு என்று தனி வரம்பும் உண்டு. இந்த எண்கள் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி புதுப்பிக்கப்படுகின்றன. மாதக் கடைசியில் பார்த்துவிட்டு அடுத்த மாதம் ஆப்ஷன் வாங்குவதானால் மறுபடியும் பாருங்கள்.

பிடிஓவில் விளையாட்டாக விண்ணப்பிப்பது

விண்ணப்பக் கட்டணம் 10 வெள்ளிதானே என்று எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்க்கும் காலம் முடிந்தது. 2023 ஆகஸ்ட் முதல், முதல்முறை வாங்குவோர் அழைப்பு வந்தும் வீடு தேர்ந்தெடுக்காவிட்டால் ஓராண்டுக்கு, வாய்ப்புக் குறைந்த இரண்டாம்முறை வாங்குவோராகவே நடத்தப்படுவார்கள். உங்கள் முறை வரும்போது 10 அல்லது அதற்குக் குறைவான வீடுகளே மிஞ்சியிருந்தால் மட்டும் அந்தத் தண்டனை இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு விலகினால் வீட்டு விலையில் 5 விழுக்காடு போகும்.

2024 அக்டோபரிலிருந்து வீடுகள் ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என மூவகை. பிளஸ், பிரைம் வீடுகளில் 10 ஆண்டு குடியிருந்தாக வேண்டும். அதற்குப் பிறகும் முழு வீட்டை வாடகைக்கு விட முடியாது. முதல்முறை விற்கும்போது சலுகையில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும். வாங்குபவருக்கும் 14,000 வெள்ளி வருமான வரம்பு உண்டு. ஐந்தாண்டில் விற்று லாபம் பார்க்கும் கணக்கு இங்கே செல்லாது.

எதிரில் இருக்கும் காலி நிலத்தையும் பழைய குத்தகையையும் நம்புவது

ஜன்னலுக்கு எதிரே பச்சைப் புல்வெளி என்றால் முதலில் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தைப் பாருங்கள். 'ஒதுக்கு நிலம்' என்று குறித்திருந்தால் என்ன கட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை என்று பொருள், எதுவும் கட்டமாட்டார்கள் என்றல்ல. பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வுக்கு வரும்.

பழைய வீட்டில் எஞ்சிய குத்தகை, வாங்குவோரில் இளையவரின் 95 வயது வரை நீள வேண்டும். 35 வயதுக்காரர் 50 ஆண்டு மிச்சமுள்ள வீட்டை வாங்கினால் 85 வயதோடு குத்தகை முடிந்துவிடும். ஆகவே மசேநியும் கடனும் விகிதப்படி குறையும். 'என்பிளாக் வரும், புது வீடு கொடுப்பார்கள்' என்று பேட்டையில் பேசிக்கொள்வதை வைத்து விலை கூட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. பழைய புளோக்கை எடுத்துக்கொண்டு குடியிருப்பாளருக்குப் புது வீடு தரும், வீவக தெரிவு செய்யும் மறுமேம்பாட்டுத் திட்டத்துக்குத் தகுந்தவை மொத்த வீடுகளில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே முடிந்தும்விட்டன.