புதிய கணினியில் விண்டோஸ் 7: கீபோர்டு செத்துப்போகும் இரண்டு இடங்கள்

தக்கலையில் நான் நடத்தும் கணினிப் பழுதுக் கடைக்குச் சென்ற ஆனி மாதம் குலசேகரத்திலிருந்து ஓர் அண்ணன் வந்தார். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்பவர். பழைய கணினி மழைக்காலத்து இடியில் போய்விட்டது. இன்டெல் 7ஆம் தலைமுறைச் செயலியும் பி250 மதர்போர்டும் உள்ள ஒரு பெட்டியை வாங்கி, விண்டோஸ் 10உடன் கொண்டுவந்திருந்தார். கணக்கு மென்பொருளுக்கு ஒரு டாங்கிள், அதாவது கணினியில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும் சாவி, உண்டு. அந்த டாங்கிளின் டிரைவர் (சாதனத்தை விண்டோசோடு பேசவைக்கும் மென்பொருள்) விண்டோஸ் 7உடன் நின்றுவிட்டது. எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். “தம்பி, பழைய விண்டோசையே போட்டுத் தந்துவிடு, அரை நாள் வேலைதானே” என்றார். எனக்கு மூன்று நாள் ஆனது. உங்களுக்கு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்சை விண்டோஸ் 10க்குள் நிறுவி, அதற்குள் விண்டோஸ் 7 போட்டு, டாங்கிளை அதற்குத் திருப்பிவிடுங்கள். வேலை செய்தால் கீழே உள்ள எதுவும் வேண்டாம். அண்ணனின் டாங்கிள் அதற்கு மசியவில்லை.

அடுத்தது, இருக்கும் விண்டோசை அழிக்கும் முன்பே டிரைவர்களைத் தேடி முடிப்பது. நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். நெட்வொர்க் டிரைவர் இல்லாத கணினியில் உட்கார்ந்துகொண்டு நெட்வொர்க் டிரைவரை எங்கிருந்து இறக்குவது? டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஒவ்வொரு சாதனத்தின் ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘வென்’ என்பதற்குப் பின்னால் வருவது தயாரிப்பாளரின் எண்: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. ‘டெவ்’ என்பதற்குப் பின்னால் வருவது சாதனத்தின் எண். இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டு போர்டு தயாரிப்பாளரின் பக்கத்தில் விண்டோஸ் 7க்கான சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சில்லு), யுஎஸ்பி 3.0, நெட்வொர்க், ஆடியோ, கிராபிக்ஸ் டிரைவர்களை இறக்குங்கள். 64 பிட் விண்டோசுக்கு 64 பிட் டிரைவர்தான் செல்லும். யுஎஸ்பிக்கோ கிராபிக்சுக்கோ கிடைக்கவில்லையென்றால் அந்தப் போர்டையே மாற்றச் சொல்லிவிடுவேன். யாரோ திருத்தி ஏற்றிய டிரைவர்களைப் பிறர் பணம் புழங்கும் கணினியில் நான் போடுவதில்லை.

இப்போது கீபோர்டு. விண்டோஸ் 7 வெளிவந்தது 2009இல். அதனிடம் யுஎஸ்பி 3.0க்கான டிரைவர் கிடையாது. 2015இல் வந்த இன்டெல் 100 வரிசைச் சிப்செட் முதல் யுஎஸ்பி 2.0க்கான பழைய கட்டுப்படுத்தியும் போய்விட்டது. ஆகவே பயாசில் (விண்டோசுக்கு முன்பே வரும் போர்டின் அமைப்புத் திரை) நன்றாக வேலை செய்த கீபோர்டும் மவுசும் நிறுவல் திரை வந்ததும் உறைந்துவிடும். நிறுவல் கோப்புகள் உள்ள பென்டிரைவும் அதே வழியில் வருவதால் ‘சிடி அல்லது டிவிடி டிரைவர் காணவில்லை’ என்று ஒரு செய்தி வரும். அதை நம்பி டிவிடி டிரைவரைத் தேடி நான் ஒரு மதியத்தைத் தொலைத்தேன். காணாமல் போனது யுஎஸ்பி டிரைவர்.

அதனால் அந்த டிரைவரை நிறுவல் கோப்புகளுக்குள்ளேயே புகுத்த வேண்டும். டிஸ்ம் என்ற கட்டளை விண்டோஸ் 10இலேயே இருக்கிறது. நிறுவல் திரையைக் கொண்டுவரும் பூட்.விம் கோப்பை ஒரு கோப்புறையில் மவுன்ட் செய்து (திறந்து வைத்து), இறக்கிய டிரைவரிலிருந்து பிரித்தெடுத்த ஐஎன்எஃப் கோப்புகளைச் சேர்த்து, மாற்றங்களைச் சேமிக்கும் ‘கமிட்’ சொல்லோடு மூடுங்கள். அந்தச் சொல்லை விட்டால் அத்தனையும் வீண். பூட்.விம்மில் 1, 2 என இரண்டு பிரதிகள் உண்டு, இரண்டிலும் சேருங்கள். இத்தோடு முடிந்தது என்று நினைத்துத்தான் நான் இரண்டாம் குழியில் விழுந்தேன். நிறுவல் அழகாக ஓடியது. மறுதொடக்கம் ஆகிப் பெயர் கேட்கும் திரை வந்தது. கீபோர்டு மறுபடியும் செத்துக் கிடந்தது. நிறுவப்படும் விண்டோஸ் இன்ஸ்டால்.விம்மிலிருந்து வருகிறது. நீங்கள் போடப்போகும் பதிப்பின் எண்ணைப் பார்த்து அதிலும் டிரைவரைச் சேர்த்தாக வேண்டும்.

ஒரே ஒரு கணினிக்கு இவ்வளவும் எதற்கு என்பவர்களுக்குக் குறுக்குவழி உண்டு. போர்டின் பின்புறம் வட்டமான பிஎஸ்2 துளை இருந்தால் பரணிலிருக்கும் பழைய கீபோர்டை எடுத்துத் தூசி தட்டுங்கள். டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளில் செருகும் டிவிடி டிரைவும் டிவிடியும் இருந்தால் யுஎஸ்பி இல்லாமலே நிறுவலாம். டிரைவர்களை மட்டும் டிஸ்கின் இன்னொரு பகுதியில் முன்கூட்டியே போட்டுவையுங்கள். நிறுவும்போது அந்தப் பகுதியை அழித்துவிடாதீர்கள்.

பயாசில் செக்யூர் பூட்டை அணைத்து, சிஎஸ்எம்மை (பழைய விண்டோசுக்கான தொடக்க முறை) இயக்கி, சாட்டாவை ஏஎச்சிஐ முறையில் வையுங்கள். சிஎஸ்எம் இல்லையென்றால் ‘ஸ்டார்ட்டிங் விண்டோஸ்’ திரையிலேயே நின்றுவிடும். டிஸ்க் என்விஎம்இ (சாட்டாவில் சேராத, வேகமான எஸ்எஸ்டி வகை) என்றால் கேபி2990941, கேபி3087873 என்ற இரு திருத்தங்களையும் புகுத்த வேண்டும். நான் அந்த வம்புக்கே போகவில்லை. சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டேன். சிட்டை அடிக்க அந்த வேகம் தாராளம்.

விண்டோஸ் எழுந்ததும் முதலில் சிப்செட், பிறகு நெட்வொர்க், மற்றவை அதன் பின். சரியான டிரைவரைப் போட்டும் கோட் 52 என்று வந்தால் அது கையொப்பச் சிக்கல், டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை: சர்வீஸ் பேக் 1 இருக்கும் விண்டோசில் கேபி4490628ஐயும், அடுத்து கேபி4474419ஐயும் நிறுவுங்கள். 7ஆம் தலைமுறைச் செயலியில் விண்டோஸ் அப்டேட் தானாக ஓட மறுக்கும். இரண்டையும் முன்பே பென்டிரைவில் வைத்திருங்கள்.

மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. அதனால் வேலை முடிந்த கையோடு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். வங்கிக் கணக்கெல்லாம் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளட்டும்.

டாங்கிள் விளக்கு எரிந்து, முதல் சிட்டை டாட் மேட்ரிக்சில் கிறீச்சிட்டு வந்தபோது அண்ணன் டிவைஸ் மேனேஜரைக் காட்டி, “இந்த மஞ்சள் குறி என்ன தம்பி?” என்றார். பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர். இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சினுக்கான டிரைவர் இல்லை என்று பொருள். அது இல்லாமலும் சிட்டை வரும் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. அதையும் போட்டுக் கொடுத்து, குலசேகரம் பஸ்சில் ஏற்றிவிட்டேன்.